கோட்டமும் செப்பமும்

மாந்தர்க்குப் போலவே சொற்களுக்கும் குடிவழி உண்டு. ஒரு சொல்லின் பிறப்பினை ஆராய்வார்க்கு, அதனை முதன்முதல் வழங்கிய முன்னோர் ஒரு பொருளை எவ்வாறு நோக்கினர் என்பது ஒருவாறு புலனாகும். அநீதியைக் குறிக்கும் சில சொற்களைப்பற்றி ஆராயப் புக்கவிடத்து எமக்குத் தோன்றிய எண்ணங்களை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

மிஷன் கல்லூரிகளிற் பயில்வார்க்கு ஸ்காட்லாந்து சேய்மைக்கண் உள்ளதாயினும் அறியாத நாடன்று. 1837-ஆம் ஆண்டிற் சென்னையிற் பள்ளி தொடங்கிய ஜான் ஆண்டர்சன் அந்நாட்டவரே. அப்பள்ளியே பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அந்நாட்டார் தொன்றுதொட்டு வழங்கும் வினைச்சொற்களுள் 'ரங்' என்பது ஒன்று. ஆங்கிலத்தில் 'ராங்' என வழங்குவதும் அதுவே. ஸ்காட்லாந்தின் வடகிழக்குப் பகுதியிற் பழைய வகர ஒலி கெடாது 'வ்ரங்' என ஒலித்தலும் உண்டு. ஒருவர்க்கு முறையல்லாதது செய்தல் என்பது அதன் பொருள். ஆயின், அதன் அடிப்பொருள் வளைந்தது, திருகியது என்பதாம். ஈரத்துணியை முறுக்கிப் பிழிதலைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல்லும் அதற்கு உடன்பிறப்பே.

இவ்வினையில் மற்றொரு நுட்பமும் உண்டு. நாம் 'அவனுக்கு அநியாயஞ் செய்தான்' என்கின்றோம். ஈண்டுச் செயப்படுபொருள் அநியாயம்; தீங்குற்றவனோ நான்காம் வேற்றுமையேற்று ஒருபுறம் ஒதுங்கி நிற்கின்றான். ஸ்காட்லாந்தார் வழக்கிலோ தீங்குற்றவனே செயப்படுபொருள். கோடச்செய்யப்படுவது ஏதோவொரு பொருளன்று, அம்மனிதனே என்பது அவ்விலக்கணத்தின் உட்கிடை.

இனி, நம் மொழியை நோக்குவோம். கோடுதல் என்றால் வளைதல். வளைந்த வாள் கொடுவாள். வளைந்த வில் கொடுஞ்சிலை. நேரான கோல் செங்கோல், வளைந்தது கொடுங்கோல். திருவள்ளுவரும் செங்கோன்மைக்கு ஓரதிகாரமும், அதனையடுத்துக் கொடுங்கோன்மைக்கு ஓரதிகாரமும் வகுத்தனர். கொடுமை என்னுஞ் சொல்லும் இவ்வினத்ததே. விவிலியத்தின் எபிரேய மூலத்தில் அக்கிரமத்தைக் குறிக்கும் 'ஆவோன்' என்னுஞ் சொல் வளைத்தல் என்னும் அடியினின்று பிறந்ததென்பர். நீதிமன்றங்களில் வழங்கும் 'டார்ட்' என்னுஞ் சட்டச்சொல்லும் முறுக்குண்டது என்று பொருள்படும் இலத்தீன் சொல்வழி வந்தது. ஒன்றையொன்று அறியாத மக்கள் வெவ்வேறிடங்களில் இருந்துகொண்டு ஒரே உவமையை நாடியது வியத்தற்குரியதன்றோ?

கோல் முறியுமாயின் ஓசை எழும். அயலார் திரும்பி நோக்குவர். வளையுங்கால் ஓசை எழுவதில்லை. இற்றைநாளில் அடித்தல், கொல்லுதல், பட்டினியிடுதல் முதலிய பெருந்தீமைகளையே கொடுமை என்கின்றோம். அச்சொல்லின் அடிப்பொருளை மறந்தமையால், ஓசையின்றி நிகழும் வளைவுகளுக்கு நம்மிடம் பெயரில்லாது போயிற்று. பெயரற்ற தீமையை முறையிடுவது எங்ஙனம்?

இதற்குச் சான்றாக ஒரு கதை மரக்காணத்து உப்பளக் கரையை அடுத்த நாட்டில் வழங்குகின்றது. விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில் இரும்பை என்றோர் ஊர் உளது. ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற மாகாளேசுவரர் திருக்கோயில் அவ்வூரின்கண் உள்ளது. 1968-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஆரோவில் நகரம் அதற்கு அணித்தே. அப்பக்கத்தில் வாழ்ந்தவராகக் கூறப்படும் கடுவெளிச் சித்தரைப் பற்றியதே அக்கதை.

நாட்டில் மழை பொய்த்தது. அரசமரத்தடியில் அமர்ந்து தவம் புரிந்த சித்தரின் தவக்கனலே அதற்குக் காரணமென அரசன் ஐயுற்றான். வள்ளி என்னும் ஆடன்மகளை ஏவி அத்தவத்தைக் கலைப்பித்தான். மழையும் பெய்தது. மகிழ்ந்த அரசன் இரும்பைக் கோயிலில் விழா எடுத்தான். வள்ளி ஆடுங்கால் அவள் காற்சிலம்பு கழன்று வீழ்ந்தது. ஆடல் தடைப்படலாகாதெனக் கருதிய சித்தர், அதனை எடுத்து அவள் காலில் அணிவித்தார். கூடியிருந்தோர் எள்ளி நகைத்தனர். துறவியார் ஆடன்மகளின் காலைத் தீண்டினாரென்று ஏசினர். சித்தர் மனம் நொந்து பாடினார். கருவறைச் சிவலிங்கம் முப்பிளவாக வெடித்தது. அரசன் அஞ்சி அடிபணிந்து பொறை வேண்ட, அவர் மீண்டும் பாடினார், பிளவுகள் பொருந்தின. அத்திருமேனி செப்புத் தகட்டாற் பிணைப்புண்டு இன்றும் வழிபாட்டில் உளதென்பர்.

யாம் கிறித்தவக் குடியிற் பிறந்தேம். ஆயினும் இக்கதையின் ஒரு கூறு எம்மை விட்டு நீங்கவில்லை. சித்தரிடமிருந்து எவரும் எதனையும் கவர்ந்திலர். அவரை அடித்தாரும் இலர். அவர் செய்த உதவியொன்றை அங்கிருந்தோர் கண்ணாரக் கண்டனர். கண்டதனைக் கோணலாகப் பொருள்படுத்தினர். நிகழ்ந்த கோட்டம் அவ்வளவே. கல் வெடித்ததோ என வினவுவார் வினவுக. கோட்டமுற்ற ஒருவரின் நெஞ்சம் அங்ஙனம் வெடிக்கும் என்பதில் எமக்கு ஐயமில்லை.

தனியொருவர்க்கு நிகழ்வது ஒரு நாட்டிற்கும் நிகழும். இரும்பைக்கு வடக்கே, கழுவெளி என்னும் பெருநீர்ப்பரப்பைக் கடந்து சென்றால் மரக்காணத்து உப்பளங்கள் கண்ணைக் கூசவைக்கும் வெண்மையுடன் விரிந்து கிடக்கும். கடல்நீரை வெயில் உப்பாக்குகின்றது. அதனைப் பாத்தி கட்டிச் சேர்ப்பது மனிதன் கை. அங்ஙனமிருந்தும், 1882-ஆம் ஆண்டின் உப்புச் சட்டத்தின்படி, தன் ஊர்க் கடற்கரையில் அரசின் இசைவின்றி உப்பெடுத்தவன் குற்றவாளி எனப்பட்டான். வரியின் சுமை பெரிது. கரையில் விளைந்ததைக் கையாற் கொண்டவனுக்குச் சட்டம் இட்ட பெயரோ அதனினும் பெரிய சுமை. 1930-ஆம் ஆண்டு ஏப்பிரல் 13-ஆம் நாள் இராஜாஜி தொண்டர் படையுடன் திருச்சிராப்பள்ளியினின்று புறப்பட்டு, அத்திங்கள் இறுதியில் வேதாரணியத்தில் உப்பெடுத்துச் சிறைப்பட்டார். கைப்பிடி உப்பின் விலை எத்துணைச் சிறிது! உப்பெடுத்தவன் கள்வனல்லன் என்பதை உலகறியச் செய்தலே அவர்தம் நோக்கங்களுள் தலையாயது. உப்பு வரி 1947-ஆம் ஆண்டில் நீக்கப்பெற்றது.

இச்சொல்லாராய்ச்சியில் எம்மைப் புகுத்தியவர் எம் தாயைப் பெற்ற பாட்டியார். அப்பக்கத்து வழக்கப்படி யாம் அவரை ஆயா என்று அழைப்போம். எம் தாயார் சிறுமியாயிருந்த காலத்தில் ஆயா உப்பளத்திற் கூலிவேலை செய்தார். விடியுமுன் பாத்தியில் இறங்கிப் பலகையால் உப்பை வாரி, கூடையிற் சுமந்து கரையிற் குவிப்பது அவர் தொழில். ஒரு சனிக்கிழமை மாலை கூலி வழங்குங்கால், ஆறுநாள் உழைத்தவர் கணக்கில் ஐந்துநாளே எழுதப்பட்டிருந்தது. ஆயா அதனைக் கூறினார். கணக்குப்பிள்ளையோ, 'ஒருநாட் கூலிக்காகப் பொய் சொல்லுகிறாயே' என்று எல்லார் முன்னிலையிலும் உரைத்தார். சிலர் நகைத்தனர். அவரோடு அருகருகே நின்று ஆறு நாளும் கூடை சுமந்த பெண்டிர் இருவர், தம் கணக்கும் குறையுமோ என்றஞ்சி வாய் திறந்திலர்.

இதனை எமக்குச் சொல்லியபோது ஆயா கூலியைப்பற்றி வருந்தினாரில்லை. 'காசு போனாப் போவுது கண்ணு. என்னக் கோணலா எழுதிட்டான்' என்றார். கணக்கைக் கோணலாக எழுதினான் என்றிலர், என்னை என்றார். எழுத்தறியாத அவர் இரண்டாம் வேற்றுமையைப் பயன்படுத்திய அருமை, இலக்கணம் கற்கப் புகுந்த பின்னரே எமக்கு விளங்கிற்று. நேரல்லாத தமிழ் என்னும் பொருளில் ஊரார் பேச்சைக் கொடுந்தமிழ் எனப் புலவர் பிரித்தனர். கொடுமை இன்னதென்பதை நாங்கள் அறிந்துகொண்டது அக்கொடுந்தமிழிலேயே.

கோடியதனை நிமிர்த்தல் எவ்வாறு என்பது அடுத்த வினா. சித்தர் கதை ஒரு விடை தருகின்றது: சீற்றம் கல்லையும் பிளக்கும். ஆனால், கடுவெளிச் சித்தர் பெயரால் வழங்கும் பாடலோ, வைதவரையும் வையலாகாதென மனத்திற்கு அறிவுறுத்துகின்றது. ஒரு பெயரினின்றே சீற்றமும் பொறையும் வந்தமை முரண்போலத் தோன்றும். எமக்கு அங்ஙனம் தோன்றவில்லை. தன்மேல் நேர்ந்த கோட்டத்தை வாய்விட்டுக் கூறுதல் வேறு. கோட்டஞ் செய்தவனைப் பதிலுக்குக் கோடச்செய்தல் வேறு. முன்னது உண்மையை நிமிர்த்துவது. பின்னது மற்றொரு கோட்டம். பொறுமை என்ற பெயரால் முன்னதையும் அடக்கிவிடுவாரை யாம் மிகுதியுங் கண்டுள்ளோம். அப்பொறுமையைக் கற்பிப்பவர் பெரும்பாலும் கோட்டமுறாதவரே.

சுவிசேஷத்தில் வரும் சகேயு என்னும் வரிவசூற்காரன் மற்றொரு விடை தருகின்றான். எரிகோ நகரத்தவனான அவன், அநியாயமாக வாங்கியதை நான்மடங்காகத் திருப்பித் தருவதாகக் கர்த்தரின் முன்னிலையில் உரைத்தான். நான்மடங்கு என்பதையே நாம் பெரிதாகப் பேசுகின்றோம். அதற்குமுன் அவன் எழுந்து நின்றான் என்பதும், பலர் முறுமுறுத்துக்கொண்டிருந்த வேளையிற் கூறினான் என்பதும் அதனினும் பெரியன. மறைவிற் கொடுக்கும் பணம் இழந்த பொருளை மட்டுமே மீட்கும். வெளிப்படக் கூறிய சொல் இழந்த பெயரையும் மீட்கும்.

ஆயாவின் கணக்கை எழுதியவர் ஒன்றும் கூறாமலே மறைந்துபோனார். ஆனால் ஆண்டு பல கழிந்தபின், ஆயா நோயுற்றுக் கிடந்தபோது, அன்று வாய் திறவாத பெண்டிருள் ஒருவர் காண வந்தார். எம் தாயாரும் மாமன்மாரும் யாமும் சூழ்ந்திருந்தோம். அவர் அமர்ந்திலர். எம்மனைவரையும் நோக்கி, 'அந்த வாரம் ஆறு நாளும் உங்க ஆயா என்கூட உப்பு சுமந்தாங்க. நான் அன்னைக்குச் சொல்லல' என்றார். ஆயா விடையொன்றும் கூறாது, அவர் கையைப் பற்றி அருகே இருத்திக்கொண்டார். அவர் சென்ற பின், 'இப்ப நேராச்சு' என்றார். கூலி வரவில்லை, ஏசியவர் வரவில்லை. கண்டவரொருவர் கண்டதைக் கண்டவாறே கூறினார், அதுவே போதியதாயிற்று.

ஒருவனைக் கோடச்செய்ய ஒருவர் நாவு போதாது. சுற்றி நிற்போர் தம் கண்களை அதற்கு இரவல் தருதல் வேண்டும். இரும்பையில் நகைத்த கூட்டம் இன்றேல் அக்கதையே இல்லை. கல்லூரியில் வாழும் நாமும் அக்கூட்டத்திற்குப் புறம்பானவரல்லேம். விடுதிகளிலும் வகுப்பறைகளிலும் ஒருவன் சாதியைக் கொண்டும் ஒருத்தியின் நடையைக் கொண்டும் எத்துணைச் செயல்கள் நாடோறும் திருகப்படுகின்றன! நாம் நேரிற் கண்ட செய்தியொன்று நம் முன்னிலையிலேயே வளைக்கப்படுங்கால், 'யான் கண்டது அதுவன்று' என்னும் மூன்று சொல்லைக் கூறுதற்கு எத்துணைப் பேர் அஞ்சுகின்றோம்! அம்மூன்று சொல்லுக்கு நேரும் செலவு சிறிது. அவற்றைக் கூறாமையாற் பிறர் சுமக்கும் சுமை ஒரு வாழ்நாட் சுமை.

கோணல் நேராக்கப்படும் என்று ஏசாயா தீர்க்கதரிசி எதிர்நோக்கினார். அது இறைவன் செயலெனக் கூறிக் கைகட்டி நிற்றல் நமக்குத் தகாது. அச்செயலில் நமக்கும் ஒரு கூலிப்பங்கு உண்டு. கோடியது நிமிருங்கால் வடுவின்றி நிமிரும் என்று எவரும் எண்ணற்க. இரும்பைத் திருமேனியின் பிளவுகள் பொருந்தின. ஆயினும் அவற்றைப் பிணைக்கச் செப்புத் தகடு வேண்டியிருந்தது. கண்டதைக் கண்டவாறு கூறும் ஒருவரின் சொல்லே அத்தகடு. காலந்தாழ்ந்து வரினும் அது பிணிக்கும். காலத்தே வருமாயின் கல் பிளவாமலே காக்கும்.