இரத்மலானையில் ஒரு சட்டி சூடான கொக்கோ

கொழும்புக்கு வந்துபோகும் எங்கள் பெண்களுக்கு வெள்ளவத்தையைத் தெரியும். கொட்டாஞ்சேனையைத் தெரியும். இரத்மலானை என்றால் பலருக்கு ஒரு விமான நிலையம் மட்டுமே நினைவுக்கு வரும். அதுவும் நல்ல நினைவாக இராது. பாதுகாப்பு அனுமதிக் கடிதம், திறந்து கொட்டிப் பார்த்த பைகள், மணிக்கணக்காகக் காத்திருந்த வாங்குகள் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கும். அந்த ஊரில் வீடு எடுத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, வேலைக்குப் போய்வந்து வாழ்கின்ற எங்கள் குடும்பங்களும் இருக்கின்றன. இந்தக் கட்டுரை ஊரைப் பற்றியது. அந்த ஊரில் ஒரு குடும்பம் சனிக்கிழமை மாலைகளில் காய்ச்சிக் குடிக்கும் கொக்கோவைப் பற்றியதும்தான்.

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியில் தெற்கே போகும் 100 அல்லது 101 இலக்க பஸ்ஸில் ஏறினால் போதும். தெகிவளைச் சந்தியின் நெரிசலைத் தாண்டி, கல்கிசையையும் தாண்டினால் இரத்மலானை. ரயிலில் போவதென்றால் வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை, அடுத்தது இரத்மலானை. கல்கிசை வரைக்கும் கடற்கரையும் ஹோட்டல்களும்தான் கண்ணில் படும். அதற்குப் பிறகு ஊரின் முகம் மாறிவிடும். ரயில் பெட்டிகளும் இயந்திரங்களும் திருத்தப்படும் பெரிய தொழிற்சாலை இங்கேதான் இருக்கிறது. காலி வீதியோரத்தில் மலிபன் பிஸ்கட் தொழிற்சாலை இருக்கிறது. காற்று வாய்த்தால் பஸ்ஸில் இருக்கும்போதே பிஸ்கட் வேகும் வாசனை வரும். உடுப்புத் தைக்கும் தொழிற்சாலைகளும் உண்டு. உழைக்கும் மக்களின் ஊர் இது.

செவிப்புலன், கட்புலன் குறைந்த பிள்ளைகளுக்காக 1912 இல் மேரி சப்மன் என்ற பெண்மணி தொடங்கிய பாடசாலையும் இந்த ஊரில்தான் இருக்கிறது. திருநந்தீஸ்வரம் சிவன் கோயில் இருக்கிறது. கொழும்பு இந்துக் கல்லூரி இருக்கிறது. 1983 ஆடிக் கலவரத்தின்போது இந்தக் கல்லூரியும் விமான நிலையமும் அகதி முகாம்களாயின. வீடு எரிந்து, உடுத்த உடுப்போடு வந்தவர்கள் வகுப்பறைகளில் படுத்தார்கள். பின்னர் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனார்கள். இன்று அதே கல்லூரி வளவில் மணி அடிக்கிறது, பிள்ளைகள் வரிசையாக வகுப்புக்குப் போகிறார்கள்.

விமான நிலையத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1935 நவம்பர் 27 ஆம் திகதி சென்னையிலிருந்து வந்த ஒரு சிறிய விமானம் இங்கே முதன்முதலில் இறங்கியது. கட்டுநாயக்கா பெரிய விமான நிலையமாக வரும்வரை, 1960களின் பிற்பகுதி வரைக்கும், வெளிநாடு போனவர்களும் வந்தவர்களும் இரத்மலானையைத்தான் மிதித்தார்கள். போர்க் காலத்தில் ஏ9 வீதி மூடப்பட்டிருந்தபோது யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே பயணிகளுக்கு ஆகாயமும் கடலுமே வழியாயின. பலாலியில் ஏறினால் இரத்மலானையில் இறக்கம். 1998 செப்டெம்பர் 29 ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னாருக்கு அப்பால் கடலில் விழுந்தது. அதில் வந்த 55 பேரும் வந்து சேரவில்லை. அன்று இங்கே காத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்பதை நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.

அந்த வீடு

விமான நிலைய மதிலுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு ஒழுங்கையின் முடிவில், மாடியில் இரண்டு அறைகளும் சிறிய குசினியும் உள்ள வீடு. அக்கா முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்தவர். பெயர் வேண்டாம் என்றார். 2009 இல் வன்னியிலிருந்து வந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தவர். வெளியே வந்து ஊரில் சில காலம் இருந்தார். மூத்த மகளுக்குத் தையல் தொழிற்சாலையில் வேலை கிடைக்க, குடும்பத்தோடு இங்கே வந்தார். வீட்டில் ஆறு பேர். அக்காவின் அம்மா, அக்கா, மகள், உயர்தரம் படிக்கும் மகன், போரில் இறந்த தங்கையின் இரண்டு பெண்பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளில் இளையவள் முகாமுக்கு வந்தபோது கைக்குழந்தை.

"ஆறு பேருக்கும் ஆறு நேரம்" என்றார் அக்கா. மகன் வெள்ளவத்தையில் ரியூசன் முடித்து வரும்போது இருட்டிவிடும். மகள் வேலை முடிந்து வர இன்னும் நேரமாகும். அக்கா பின்னேரங்களில் ஒரு வீட்டில் சமையலுக்குப் போய்வருகிறார். வருகிறவர் வருகிற நேரத்தில் சோற்றைப் போட்டு, தனியே இருந்து சாப்பிட்டுவிட்டுப் படுப்பார்.

"முகாமிலை தட்டைப் பிடிச்சுக்கொண்டு வரிசையிலை நிண்டனாங்கள் தங்கச்சி. சாப்பாட்டுக்கு வரிசை, தண்ணிக்கு வரிசை. வெளியிலை வந்தால் எல்லாரும் ஒண்டா இருந்து சாப்பிடுவம் எண்டு பிள்ளையளுக்குச் சொன்னனான். வந்தாப் பிறகு பாத்தால், வரிசை இல்லை, ஆனால் ஒருத்தரோடை ஒருத்தர் இருக்கிறதும் இல்லை."

அதனால்தான் சனிக்கிழமை மாலை என்று ஒரு ஏற்பாடு. அன்று யார் எத்தனை மணிக்கு வந்தாலும் சட்டியில் கொக்கோ சூடாக இருக்கும். கடைசி ஆள் வரும்வரை முதலில் வந்தவர்களும் மேசையை விட்டு எழும்புவதில்லை. அந்த வீட்டுச் சட்டம் அது.

லண்டனிலிருந்து வந்த சட்டி

சட்டியைக் கொடுத்தவர் லண்டனில் இருக்கும் பெரியம்மாவின் மகள். 2018 இல் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அதன் பெயர் ஸ்லோ குக்கர். மெதுவாகச் சமைக்கும் மின்சாரச் சட்டி என்று வைத்துக்கொள்ளலாம். வெளியே ஒரு தகரக் கூடு, அதன் பக்கச் சுவரில் சூடேற்றும் கம்பி, உள்ளே தடித்த பீங்கான் சட்டி, மேலே கண்ணாடி மூடி. நெருப்பு ஒரே இடத்தில் அடியைச் சுடுவதில்லை. பீங்கான் மெல்ல மெல்லச் சூடாகி, சுற்றிவர ஒரே அளவாகச் சூட்டைக் கொடுக்கும். அதனால் பால் பொங்கி வழியாது, அடிப்பிடிப்பதும் மிகக் குறைவு.

இந்தச் சட்டிக்குப் பின்னாலும் இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்தின் கதை இருக்கிறது. அமெரிக்காவில் வாழ்ந்த ஏர்விங் நக்சன் என்பவர் 1940 இல் இதற்கு உரிமம் பெற்றார். லித்துவேனியாவில் யூதக் குடும்பங்கள், நெருப்பு மூட்டக்கூடாத ஓய்வு நாளுக்கு முன்தினமே சட்டியைப் பேக்கரிக்குக் கொண்டுபோய், ஆறிக்கொண்டிருக்கும் போறணையில் இரவு முழுக்க வைத்துவிடுவார்களாம். பாட்டி வழியாக அவர் அறிந்த அந்தப் பழக்கத்திலிருந்துதான் யோசனை பிறந்தது. ஊரை விட்டுப் போனவர்கள் சமையலை மறப்பதில்லை என்பதற்கு இது ஒரு சாட்சி.

கரண்ட் பில் ஏறிவிடும் என்று பயந்து அக்கா ஒரு வருடம் அதைக் கட்டிலுக்குக் கீழேயே வைத்திருந்தார். பெறாமகள்தான் அடியில் ஒட்டியிருந்த எழுத்தை வாசித்துக் கணக்குப் பார்த்தாள். மூன்றரை லீற்றர் சட்டி, ஏறத்தாழ 200 வாற்று. இரண்டு மணித்தியாலம் எரிந்தாலும் 0.4 அலகுதான். தண்ணீர் கொதிக்கவைக்கும் 2000 வாற்று கேத்தலைப் பன்னிரண்டு நிமிடம் போட்டாலும் அதே 0.4 அலகு முடியும். பெரிய மிச்சம் என்று சொல்ல முடியாது. ஆனால் பெரிய செலவும் இல்லை. அடுப்படியில் நின்று கிண்டிக்கொண்டிருக்க வேண்டிய நேரம் மிச்சம்.

கொக்கோவும் அந்நியப் பொருள் அல்ல. மாத்தளை, கண்டி, குருநாகல் பக்கங்களில் தென்னைக்கும் மிளகுக்கும் நடுவே கொக்கோ மரம் நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நோய் வந்து கோப்பித் தோட்டங்கள் அழிந்தபோது, தோட்டக்காரர்கள் நாடிய பயிர்களில் கொக்கோவும் ஒன்று.

செய்முறை

ஆறு ஏழு பேருக்கு அக்கா எடுக்கும் அளவு இது.

தண்ணீர் ஒன்றரை லீற்றர். பால்மா 200 கிராம், அதாவது 400 கிராம் பக்கற்றில் பாதி. இனிப்புச் சேராத கொக்கோத் தூள் 6 மேசைக்கரண்டி. சீனி 8 மேசைக்கரண்டி. உப்பு ஒரு சிட்டிகை. கறுவா ஒரு துண்டு. விருப்பமானால் இரண்டு ஏலக்காய். கையில் இருந்தால் சொக்கலேட் ஒரு சிறு கட்டி.

முதலில் கொக்கோ, சீனி, உப்பு மூன்றையும் ஒரு கோப்பையில் போட்டு, கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டுக் களிபோலக் குழைக்க வேண்டும். கொக்கோத் தூளை நேரே பாலில் கொட்டினால் கட்டி கட்டியாக மேலே மிதக்கும். பால்மாவையும் தனியே சுடுதண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் சட்டியில் ஊற்றி, கறுவாவைப் போட்டு மூடுங்கள். குறைந்த சூட்டில் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம். அரை மணிக்கு ஒருமுறை அடியோடு கிண்டிவிட வேண்டும். கொக்கோ அடியில் தங்கும் பொருள். ஓரத்தில் சிறு குமிழி வரத் தொடங்கினால் போதும். கொதிக்க விடாதீர்கள். பிறகு சூட்டைக் காக்கும் நிலைக்குத் திருப்பி, இரண்டு மணித்தியாலத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். பால் சேர்ந்த பொருளை இரவு முழுக்க வைக்கக் கூடாது.

அம்மாவுக்குச் சீனி வருத்தம் உண்டு. அவருக்காக ஒரு கரண்டி கொக்கோவைச் சீனியில்லாமல் தனியே குழைத்து, ஒரு கோப்பைப் பாலில் கரைத்து வைக்கிறார்கள். பசும்பால் கிடைத்தால் பால்மா தேவையில்லை. தேங்காய்ப்பாலில் செய்வதானால் இரண்டாம் பாலில் காய்ச்சி, தலைப்பாலைக் கடைசியில் விடுங்கள். முதலிலேயே விட்டால் திரிந்துவிடும்.

சட்டியைப் பற்றிச் சில கவனங்கள். சூடான பீங்கானில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வெடிக்கும். வெளிக்கூட்டைத் தண்ணீரில் அமிழ்த்தவே கூடாது. வயர் பிள்ளைகளின் காலில் தடக்காத இடத்தில் வையுங்கள். கனடாவிலிருந்து உறவினர் அனுப்புவதானால் முதலில் கேளுங்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ற்று, இங்கே 230. அப்படியே கொழுவினால் எரிந்துபோகும். லண்டன் சாமானுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

சட்டி இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். ஒரு பெரிய பாத்திரத்தில் சுடுதண்ணீர் வைத்து, அதற்குள் பால் பாத்திரத்தை இறக்கிக் குறைந்த நெருப்பில் காய்ச்சலாம். காய்ச்சியதைச் சுடுதண்ணீர் போத்தலில் ஊற்றி வைத்தால் இரண்டு மணித்தியாலம் சூடு நிற்கும். 2022 இல் மின்சாரம் பல மணிநேரம் நின்று, காஸுக்கும் வரிசை நின்ற நாட்களில், இந்த வீட்டிலும் விறகில் காய்ச்சிப் போத்தலில்தான் வைத்தார்கள். சனிக்கிழமை மட்டும் தவறவில்லை.

ஏழாவது கோப்பை

நான் போன அன்று மழை. அம்மா சட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். கண் பார்வை மங்கிவிட்டதால் அடுப்பில் நெருப்போடு வேலை செய்ய அவரை விடுவதில்லை. முகாமிலிருந்து வந்தபின் நெடுநாள் ஒருவரோடும் கதையாமல் இருந்தவர் என்றார் அக்கா. இந்தச் சட்டியில் நெருப்பு இல்லை. ஆகவே பொறுப்பு அவருடையது. அரை மணிக்கு ஒருமுறை கிண்டுவதும், வருகிறவருக்கு அகப்பையால் வார்ப்பதும், "உனக்குக் காணுமோ?" என்று கேட்பதும் அவர்தான். விமானம் ஒன்று தாழப் பறந்து போனது. அம்மாவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு கிண்டியது.

மேசையில் ஏழு கோப்பைகள் இருந்தன. வீட்டில் ஆறு பேர். எனக்காக வைத்தது என்று நினைத்தேன். அக்கா சொன்னார்: "அது எப்பவும் வைக்கிறது. அம்மா எண்ணேக்கை என்ரை இவரையும் சேர்த்துத்தான் எண்ணுவா."

அவருடைய கணவர் 2009 வைகாசியில் பிரிந்தவர். பதிய வேண்டிய இடங்களில் எல்லாம் பதிந்தாயிற்று. கோப்பையை எடுத்துவிடச் சொல்லி ஒருமுறை மகன் கோபப்பட்டானாம். அம்மா மறுத்துவிட்டார். அதன்பிறகு அக்கா ஒரு வழி கண்டார். கோப்பை மேசையில் இருக்கும், ஆனால் வெறுமையாக இராது. அந்த நேரத்தில் படியேறி வருகிறவர் யாரோ அவருக்கு அது. மின்சாரக் கணக்குப் பார்க்க வந்தவரும், கீழ்வீட்டுச் சிங்களப் பெண்மணியும், மகளோடு வேலைசெய்யும் மலையகப் பிள்ளையும் அதில் குடித்திருக்கிறார்கள். மகனும் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. சில வேளை அவனே கோப்பையைக் கழுவி வைக்கிறான்.

அன்று அதில் நான் குடித்தேன். கறுவா வாசனை, நாக்கில் கொக்கோவின் மெல்லிய கைப்பு, பிறகு இனிப்பு. எட்டு மணி கழிந்து மூத்த மகள் நனைந்தபடி வந்தாள். தங்கைமார் இருவரும் நகர்ந்து இடம் விட்டார்கள். அம்மா அகப்பையை எடுத்தார்.

சகோதரிகளே, எங்களில் பலருடைய வீடுகளில் ஒரு இடம் வெறுமையாக இருக்கிறது. அதைப் பற்றிக் கதைக்கவும் முடியாது, கதையாமல் இருக்கவும் முடியாது. கிழமையில் ஒரு மாலையாவது எல்லாரும் ஒரு மேசையில், அல்லது ஒரு பாயில், கூடியிருக்க ஒரு காரணத்தைத் தேடுங்கள். கொக்கோ வேண்டும் என்பதில்லை. மல்லித் தண்ணியாகவும் இருக்கலாம், உழுத்தங்கஞ்சியாகவும் இருக்கலாம். நேரத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கடைசியாக வருகிற பிள்ளைக்கும் அது சூடாக இருக்கட்டும்.