எவ்வளவு இருக்கு?

எங்கள் வீட்டில் இப்போது தண்ணீரைப் பற்றி ஒரே ஒரு பேச்சுதான்: கேன் சொல்லியாச்சா, இல்லையா. வேளச்சேரியில் மூன்றாவது மாடி. எதிர்வீட்டு டேங்க் நிறைந்து, யாரும் மோட்டாரை நிறுத்தாமல் வழிகிற சத்தம் வாரத்தில் இரண்டு நாளாவது கேட்கும். அப்போதெல்லாம் எனக்கு 2018 மார்ச் மாதம் நினைவுக்கு வரும்.

அப்போது ஃபீனிக்ஸுக்குப் பக்கத்தில், சாண்ட்லரில் குடியிருந்தோம். அரிசோனா டிரெயில் என்று ஒரு நடைபாதை. மெக்சிகோ எல்லையில் தொடங்கி யூட்டா எல்லை வரைக்கும் 800 மைல், கிட்டத்தட்ட 1,290 கிலோமீட்டர். அதை முழுக்க நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு வாய்த்தது நடுவில் ஒரு துண்டு மட்டும். ஓரக்கிள் ஊரைத் தாண்டி இறங்கி, வடக்கே சுப்பீரியர் ஊர் அருகே பிக்கட்போஸ்ட் மலையடிவாரம் வரை, சுமார் 150 கிலோமீட்டர். ஒன்பது நாள். “கிராண்ட் கேன்யன் வழியா போற துண்டை விட்டுட்டு இந்தக் கட்டாந்தரைக்கா லீவு போடறீங்க?” என்று தெரிந்தவர்கள் கேட்டார்கள். கேன்யனுக்கு வடக்கே அப்போது பனி. கிடைத்த லீவுக்கும் வெயிலுக்கும் இதுதான் ஒத்துவந்தது, அவ்வளவுதான்.

எனக்கு ஊர் கமுதிப் பக்கம். என் வீட்டுக்காரருக்குத் திருச்சி, காவிரிக்கரை. இதைச் சொல்லாமல் மேலே எழுத முடியாது. குழாயைத் திறந்துவிட்டபடியே ஷேவ் செய்கிற மனிதரை நான் கல்யாணத்துக்கு அப்புறம்தான் முதன்முதலாகப் பார்த்தேன். முதல் வருடச் சண்டைகளில் பாதி அந்தக் குழாயால் வந்தவை.

பாலையில் நடப்பது முக்கால்வாசி கணக்குப் போடுவதுதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆளுக்கு ஆறு லிட்டர் தூக்கினால் பை தோளை அறுக்கும்; நாலு லிட்டரோடு கிளம்பினால் மத்தியானமே பயம் வந்துவிடும். அதனால் நின்ற இடமெல்லாம் ஒரே கேள்வி. மேட்டில் ஏறி மூச்சு வாங்கும்போது அவர் திரும்பிப் பார்த்துக் கேட்பார்: “உன்கிட்ட எவ்வளவு இருக்கும்மா?”

“ஒன்றரை. உங்ககிட்ட?”

“ஒண்ணே கால்.”

காலையில் எழுந்ததும் அதுதான், படுக்கும்போதும் அதுதான். நான் இப்போது ஏங்குவது அந்த மலைகளுக்காக என்று சிநேகிதிகள் நினைக்கிறார்கள். மலை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு இருபது தடவை ஒருவர் என்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாரே, அதற்குத்தான் ஏக்கம்.

மூன்றாம் நாள் ஒரு டேங்க் வந்தது. மாடு குடிக்க வெட்டிவைத்த மண்குட்டையை அங்கே பண்ணைக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். நம் கண்மாய்க்கு வெள்ளைக்காரன் எழுதிவைத்தானே, அதே சொல். சுற்றிலும் குளம்புத்தடம், சாணி, மேலே பச்சைப் பாசி. அவர் வடிகட்டிக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு கரையிலேயே நின்றுவிட்டார். நான் குத்தவைத்து உட்கார்ந்து, புறங்கையால் பாசியை ஒதுக்கி, பையை அமுக்கினேன்.

“உனக்கு ஒண்ணுமே தோணலையா?”

“ஊருணியில இப்படித்தாங்க மொண்டோம்.”

நடக்க நடக்க எனக்கு அந்நியமாக இருந்தது கொஞ்சம்தான். அங்கே மெஸ்கீட் என்கிற மரம் எங்கள் ஊர் சீமைக்கருவேலத்தின் பங்காளி. அதே முள், அதே நெற்று. சப்பாத்திக்கள்ளியோ நம்மூருக்கு வந்த விருந்தாளி. அந்த இனத்துக்கே சொந்த ஊர் அமெரிக்கா. எங்கள் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டச் சொல்லிக் கோர்ட்டு வரைக்கும் போனார்கள். அங்கே அந்த இனத்து நெற்றை மாவாக்கிச் சாப்பிட்டுப் பல தலைமுறை வாழ்ந்திருக்கிறார்கள் ஓதம் பழங்குடியினர். பிறந்த மண்ணில் மரத்துக்கு இருக்கும் மரியாதையே வேறு. நிழலுக்கு உட்காரும்போதெல்லாம் ஊரில் அதைத் திட்டித் தீர்த்ததற்காகக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

சொய்யா என்று ஒரு கள்ளி உண்டு. பார்க்கப் பஞ்சு மாதிரி இருக்கும். உரசினால் கணு கழன்று ஒட்டிக்கொள்ளும். அவர் கெண்டைக்காலில் எலுமிச்சை அளவில் ஒன்று ஏறிவிட்டது. கையால் பிடுங்கப் போனார். பிடுங்கியிருந்தால் அதே முள் விரலிலும் ஏறியிருக்கும். தலைவாரும் சீப்பை முள்ளுக்கும் தோலுக்கும் நடுவே கொடுத்து, ஒரே சுண்டு. கள்ளி பறந்துபோய் விழுந்தது. பத்துப் பதினைந்து இடத்தில் ரத்தம் பொட்டுப் பொட்டாக வந்தது. அந்தச் சீப்பால்தான் மறுநாள் காலை தலை வாரினேன்.

ஐந்தாம் நாள் சண்டை. வெக்கை தாங்காமல் அரை லிட்டரை அவர் முகத்தில் ஊற்றிக்கொண்டார். அடுத்த தண்ணீர் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால். நான் வாயே திறக்கவில்லை; திறந்திருந்தால் கல்யாணத்தன்று வரைக்கும் போயிருக்கும். அன்று ராத்திரி கூடாரத்து வாசலில் நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு, இரண்டு பாட்டிலையும் தட்டைக் கல் ஒன்றின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மண்டி போட்டு, கண்ணைப் பாட்டில் மட்டத்துக்கு இறக்கி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மூடியால் அளந்து அளந்து ஊற்றினார். நகைக்கடையில் தராசில் நிறுப்பவர் தோற்றார். கடைசியில் என் பாட்டிலில் ஒரு விரல்கடை கூடுதலாக வைத்துவிட்டு விளக்கை அணைத்தார். நான் தூங்குவது போல் கிடந்தேன். விடியுமுன் எழுந்து பாட்டில்களை இடம் மாற்றி வைத்தேன். காலையில் அவர் அந்தப் பாட்டிலை எடுத்து, ஒரு கணம் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் பையில் செருகிக்கொண்டார்.

மறுநாள் கீலா ஆறு. கெல்வின் பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தால், நிஜமாகவே ஓடுகிற தண்ணீர். ஆனால் சுக்குக்காப்பி நிறம். வடிகட்டியில் விட்டால் ஐந்து நிமிடத்தில் சேறு அடைத்துக்கொள்ளும். எங்கள் அப்பத்தா மண்பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசி ஊருணித் தண்ணீரைத் தெளியவைப்பாள். தேத்தாங்கொட்டைக்கு எங்கே போக? சாண்ட்லர் இந்தியக் கடையில் வாங்கிய படிகாரத் துண்டு என் மருந்துப் பையில் இருந்தது. பையில் மொண்டு, படிகாரத்தை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, தொங்கவிட்டோம். ஒரு மணி நேரத்தில் மண் அடியில் படிந்து மேலே தண்ணீர் தெளிந்துவிட்டது. காவிரிக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அந்த ஆற்றில் எவ்வளவு ஓடும் என்பதை மேலே கூலிட்ஜ் அணையில் திறந்துவிடுகிறவர்கள் முடிவு செய்கிறார்கள். 1930-இல் திறந்த அணை. அதற்கும் முன்பே, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், மேல்மடைக் குடியேறிகள் வாய்க்கால் வெட்டித் திருப்பிக்கொண்டதில் கீழே இருந்த அகிமெல் ஓதம் மக்களின் வயல்கள் காய்ந்தன. அகிமெல் ஓதம் என்றால் ஆற்று மக்கள் என்று பொருள். அவர்களுடைய தண்ணீர் உரிமைக்கு ஒரு தீர்வு சட்டமாக வந்தது 2004-இல்தான். இதைப் படித்துக் காட்டியதும் அவர், “மேட்டூரும் கர்நாடகாவும்னு பேரை மாத்திட்டா நம்ம கதைதான்” என்றார். அன்றைக்கு இரண்டு பேரும் வயிறு முட்டக் குடித்தோம். அவலை நனைக்கவும் கணக்குப் பார்க்கவில்லை.

இந்தப் பாதையைக் கனவு கண்டவர் டேல் ஷீவால்டர், ஃபிளாக்ஸ்டாஃபில் பள்ளிக்கூட வாத்தியார். 1985-இல் தானே மாநிலத்தின் ஒரு எல்லையிலிருந்து மறு எல்லைக்கு நடந்து பார்த்தார். பாதையின் கடைசித் துண்டை, அதாவது நாங்கள் நடந்த கீலா பக்கத்தை, 2011 டிசம்பரில்தான் இணைத்தார்கள். ஷீவால்டர் 2010-லேயே போய்விட்டார்.

எங்கள் நடையின் கடைசி இரண்டு நாளை வேகமாகக் கடந்துவிடுகிறேன். ஏற்றம், இறக்கம், பாலோவெர்டே மரத்து மஞ்சள் பூ, பிக்கட்போஸ்டில் காத்திருந்த கார். காரில் ஏறியதும் நண்பர் ஆளுக்கொரு ஐஸ் தண்ணீர் பாட்டில் நீட்டினார். கதை அங்கேயே முடிந்துவிட்டது, அப்போது தெரியவில்லை.

ஊருக்குத் திரும்பியபின், 2021 ஜூனில், சுப்பீரியருக்குத் தெற்கே டெலிகிராஃப் தீ பிடித்தது. 1,80,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. சவாரோ கள்ளிக்கு ஒரு கிளை விடவே ஐம்பது, எழுபது வருடம் ஆகும். தீயைத் தாங்கும் உடம்பும் அதற்கு இல்லை. நாங்கள் சாய்ந்து படம் எடுத்துக்கொள்ள முடியாமல், முள்ளுக்குப் பயந்து ஒரு முழம் தள்ளியே நின்ற அந்த நாலு கிளைச் சவாரோ இருக்கிறதா என்று கேட்க அங்கே யாரையும் எனக்குத் தெரியாது.

இப்போது இருவருக்கும் வேலை வீட்டிலிருந்தேதான். அவர் அந்த அறை, நான் இந்த அறை. நடுவில் ஃபில்டர், பட்டனை அழுத்தினால் கொட்டுகிறது. அவர் இன்று எத்தனை டம்ளர் குடித்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

போன வாரம் அடுக்ககத்து மோட்டார் காயில் எரிந்து, மத்தியானத்திலிருந்து தண்ணீர் இல்லை. குழாய் இருமிவிட்டு நின்றது. அந்த அறைக் கதவு திறக்கும் சத்தம். அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“எவ்வளவு இருக்கும்மா?”

“ரெண்டு வாளி. ஒரு குடம். ஃபில்டர்ல நாலு லிட்டர்.”

அவர் குனிந்து வாளியின் மட்டத்தைப் பார்த்தார். மோட்டார் மெக்கானிக்கின் நம்பர் என் போனில்தான் இருந்தது. அரைமணி நேரம் கழித்துத்தான் கூப்பிட்டேன்.