கரிசலில் உறங்கும் நிலம்

எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப் புலவரின் தர்காவுக்குச் செல்வோர், வழிநெடுக உழுத கரிசலுக்கு இடையிடையே சீமைக் கருவேல் மண்டிய தரிசுகளையும் காண்பர். அவற்றுட் பலவற்றுக்குப் பட்டா உண்டு, பாடுபடுவோர் இல்லை. உரியவர்கள் பிழைப்பைத் தேடி நகரங்களுக்குப் போய்விட்டார்கள். இங்கே எஞ்சியிருக்கும் ஏழைக் குடும்பங்களோ கத்தரிக்கும் வெண்டைக்கும் சந்தையையே நம்பியிருக்கின்றன. விலை ஏறும் மாதங்களில் குழம்பில் காய் மிதப்பது அரிது.

எவருக்கும் உரியதல்லாத பாழ்நிலத்தை உயிர்ப்பித்தவருக்கே அது சொந்தம் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தீர்ப்பு. ஃபிக்ஹு நூல்களில் ‘இஹ்யாவுல் மவாத்’ என்று தனிப் பாடமே உண்டு. ஆட்சியாளரின் அனுமதி வேண்டும் என்பார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). வேண்டியதில்லை என்பார் இமாம் ஷாஃபிஈ (ரஹ்). எல்லைக்கல் நட்டு மூன்றாண்டு சும்மா போட்டவனுக்கு உரிமையில்லை என்றார்கள் உமர் (ரலி) அவர்கள். இதைக் கேட்டதும் நம் இளைஞர் சிலர் மண்வெட்டியைத் தூக்குவதுண்டு. பொறுக்க வேண்டும்! உரியவர் இன்னாரென்று தெரிந்த நிலம் ‘மவாத்’ ஆகாது, புறம்போக்கோ அரசுடையது.

ஆகவே, உரியவரைக் கேட்பதே வழி. நம் ஊர்ப் பள்ளிவாசலை அடுத்த துண்டு நிலத்துக்காரரை அணுகினோம். நல்ல மனிதர், ஆயினும் 1955ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லி அஞ்சினார். உழுதவன் பிறகு நிலத்தை விடமாட்டான் என்பது அவர் கவலை. அது வீண் அச்சமன்று. வாரமும் குத்தகையும் வேண்டாம், ‘ஆரிய்யத்’ ஆக, அதாவது கூலியின்றிப் பயன்படுத்தத் தரும் இரவலாக, ஒரு பருவத்துக்கு மட்டும் எழுதித் தாருங்கள் என்றோம். இரவல் தந்தவர் திரும்பக் கேட்கலாம். பயிர் நிற்கையில் கேட்டால் அறுவடைவரை பொறுக்க வேண்டும். ஷரீஅத் இரு தரப்புக்கும் செய்துள்ள அரண் அது. அவர் இசைந்தார்.

சீமைக் கருவேலை வேரோடு தோண்டுவதுதான் பெரும்பாடு. வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும். புரட்டாசியில் தட்டைப்பயறும் சீனியவரையும் ஊன்றினோம். கரிசல் ஈரத்தைப் பிடித்து வைக்கும் மண்ணாதலால் மழை நின்ற பின்னும் அவை தாங்கின. கத்தரிக்கு அது போதவில்லை. ஒளூச் செய்து வழியும் நீரை வாய்க்கால் கட்டித் திருப்பினோம். அந்நீர் மறுமுறை ஒளூவுக்கு உதவாதேயன்றி அசுத்தமன்று. செடிக்கு என்ன தடை?

தமிழக அரசு 2022இல் தொடங்கிய கலைஞரின் அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டத்திலும், தரிசுகளைத் தொகுப்பாகச் சேர்த்துத் திருத்த வழி வைத்தார்கள். அதற்கும் உரியவர்கள் ஒன்றுகூட வேண்டுமே!

முதற் காய்கள் பள்ளியைச் சுற்றியுள்ள வீடுகளுக்கெல்லாம் போயின. இந்து வீடு, முஸ்லிம் வீடு என்று எவரும் பார்க்கவில்லை. நிலத்துக்காரர் மறு பருவத்துக்கும் எழுதித் தந்தார். அடுத்த துண்டு மூன்று சகோதரர்களுடையது. இருவர் ஒப்பிவிட்டனர், மூன்றாமவரின் மடலை எதிர்பார்த்திருக்கிறோம்.