அம்மாவுக்கு ஒரு கத்தி

கோப்புகளோடும் பேரேடுகளோடும் காலந்தள்ளும் ரயில்வே குமாஸ்தாவுக்குச் சம்மட்டி எதற்கு என்று நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. நம் சங்கப் பத்திரிகையின் வாயிலாக அவர்களுக்கும் ஏனைய அன்பர்களுக்கும் அதற்கு விடை சொல்லிவிட விரும்புகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் தந்தையார் காலமான பின், திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மாவை ஜான்சிக்கு அழைத்து வந்தேன். அவர் கொண்டுவந்த சாமான்களில் பழஞ்சேலையில் சுற்றிய அரிவாள்மணை ஒன்றும் இருந்தது. ஆனால், முழங்கால் வலியுள்ளவர் தரையில் அமரலாகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கடையில் வாங்கிய கத்தியோ அவருக்குப் பிடிபடவில்லை. அதன் பிடி மெலிந்தது, நுனி கூரியது, அவர் கையோ நடுங்குவது. நாற்பது ஆண்டுகள் ஒரு குடும்பத்துக்குக் கறிகாய் நறுக்கிய கைகள் மடியில் சும்மா கிடந்தன. "எனக்கு இங்கே என்னப்பா வேலை? ஊருக்கே அனுப்பிவிடு" என்று அவர் ஒருநாள் சொன்னார். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

அலுவலகம் செல்லும் வழியில் காடியா லோஹார் குடும்பம் ஒன்று சாலையோரத்தில் உலை வைத்திருந்தது. 1568-இல் ராஜஸ்தானத்துச் சித்தூர்க் கோட்டை அக்பர் வசமானபோது, அது மீளும்வரை வீட்டில் வசிப்பதில்லை என்று சபதம் பூண்டு மாட்டு வண்டிகளில் புறப்பட்டவர்களின் வழியினர் தாங்கள் என்பது இவர்கள் மரபு. 1955-இல் நேரு அவர்களே இவர்களை அக்கோட்டைக்குள் அழைத்துச் சென்றார். ஆயினும் பலர் இன்றும் சாலையோரத்திலேயே வாழ்கிறார்கள். ஊரைப் பிரிந்து வந்த நமக்கு அவர்கள் கதை புரியாததன்று.

அக்குடும்பத்துப் பெரியவரிடம் ஞாயிறுதோறும் சென்றேன். உலைக்குக் காற்றூதும் சக்கரத்தைச் சுற்றுவதே முதல் மாதத்துப் பாடம். 'தண்டவாளத்து ஆணி ஒன்றை எடுத்துப் போயேன்' என்று அலுவலகத்தில் ஒருவர் யோசனை சொன்னார். ரயில்வேப் பொருளை முறையின்றிக் கைவசம் வைப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அது ஒருபுறமிருக்க, உண்ணும் உப்புக்கு அது துரோகமல்லவா? மேலும், அவ்வாணியில் கரிச்சத்துக் குறைவாதலால் கூர் நில்லாது. ஆகவே பழைய இரும்புக் கடையில் லாரியின் ஸ்பிரிங் பட்டை ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினேன்.

பட்டையைச் செந்நிறமாகக் காய்ச்சி, அடித்து, அரத்தால் தேய்த்து உருவாக்கியபின் தோய்ச்சல் போட வேண்டும். 770 பாகைச் சூட்டில் எஃகு காந்தத்தை ஈர்க்காமல் விட்டுவிடும். அதற்குச் சற்று மேலே சூடேற்றி எண்ணெயில் தோய்ப்பதே முறை. பெரியவர் அவ்வாறு சொல்லியிருந்தும், அவர் இல்லாத ஒரு மாலையில் அவசரப்பட்டுத் தண்ணீரில் தோய்த்தேன். 'டிக்'கென்று ஒரு சிறு சத்தம். ஆறு வாரத்து உழைப்பின் குறுக்கே மயிரிழைபோல் ஒரு விரிசல்! மறுநாள் அதைக் கண்ட பெரியவர் கோபிக்கவில்லை. "சரி, மறுபடியும் சக்கரத்தைச் சுற்று" என்றார்.

இரண்டாவது கத்தியை இளஞ்சூடான எண்ணெயில் தோய்த்தேன். அரம் அதன்மேல் பற்றாமல் வழுக்கிற்று. இறுகிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். ஆனால் அந்நிலையில் கீழே விழுந்தால் கண்ணாடிபோல் உடையும். ஆதலால், மனைவியின் முணுமுணுப்பைப் பொருட்படுத்தாமல், அவள் கேக் சுடும் அடுப்பில் 200 பாகையில் இரண்டு மணி நேரம் வைத்தேன். பளபளத்த எஃகின் மேல் வைக்கோல் நிறம் படர்ந்தது. சீஷம் மரத்தில் தடித்த பிடி செய்து, இரண்டு பித்தளை ஆணிகளால் இறுக்கினேன். அம்மாவின் கை நடுக்கத்தை எண்ணி நுனியை உருட்டிவிட்டேன்.

அதை அவரிடம் நீட்டியபோது, "கையில் தராதே, கீழே வை" என்றார். மேஜைமேல் வைத்தேன். எடுத்துப் பார்த்தார், நாற்காலியில் அமர்ந்து ஒரு வாழைக்காயை நறுக்கத் தொடங்கினார். முதல் வில்லைகள் கோணலாக விழுந்தன. "அரிவாள்மணையில் காய்தான் இரும்பிடம் போகும். இங்கே இரும்பு காயிடம் வருகிறது. பழக நாளாகும்" என்றார். பிறகு, "நாளைக்கு அவியலுக்குக் காய் வாங்கி வா" என்றார். ஊருக்கு அனுப்பும்படி அதன்பின் அவர் கேட்கவில்லை.

ஈரோட்டுப் பக்கத்துக் கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் இரும்பை உருக்கியிருக்கிறார்கள். எனக்கோ அத்தொழிலின் அரிச்சுவடி வடநாட்டுச் சாலையோரத்தில்தான் கிடைத்தது. இதில் இறங்க விரும்பும் அன்பர்களுக்கு இரண்டே வார்த்தைகள்: அரைக்கும்போதும் அடிக்கும்போதும் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணியுங்கள். இவ்வகை எஃகு துருப்பிடிக்கும். புளியும் எலுமிச்சையும் பட்டால் கறுக்கும். ஆகையால் கழுவியவுடன் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள். எங்கள் வீட்டில் அந்த வேலையை அம்மா யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.