சிம் பூட்டும் ரிச்சி தெருத் தொழிலாளர்களும்

ஒரே ஒரு நிறுவனத்தின் சிம் அட்டையை மட்டும் ஏற்று, மற்றவற்றை மறுக்கும்படி கைபேசிக்குள் எழுதி வைக்கப்படும் கட்டுப்பாடுதான் சிம் பூட்டு. ஒவ்வொரு சிம்மிலும் அதிகபட்சம் 15 இலக்கங்கள் கொண்ட சந்தாதாரர் எண் ஒன்று பதிந்திருக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டையும், அடுத்து வரும் இரண்டோ மூன்றோ இலக்கங்கள் நிறுவனத்தையும் குறிக்கும். இந்தியாவுக்குரிய எண்களில் 404, 405 உண்டு. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனத்துக்குரியது 310410. பூட்டிய கைபேசி சிம்மிலுள்ள எண்ணைப் படித்துத் தன்னிடமுள்ள எண்ணோடு ஒப்பிடுகிறது. இரண்டும் பொருந்தாவிட்டால் ஐபோன் ‘சிம் நாட் சப்போர்ட்டட்’ என்று காட்டும். சாம்சங் திறப்புக் குறியீட்டைக் கேட்கும். கேமரா இயங்கும், வைஃபை இயங்கும், படம் பார்க்கலாம். பேச மட்டும் முடியாது.

வெளிநாடுகளில் பல நிறுவனங்கள் கைபேசியைத் தவணையில் அல்லது விலை குறைத்துக் கொடுத்துவிட்டு, மாதக் கட்டணத்தின் வழியே பணத்தை மீட்கின்றன. வாடிக்கையாளர் பாதியில் வேறு நிறுவனத்துக்குப் போய்விடாமல் இருக்கவே பூட்டு. இந்தியாவில் பெரும்பாலோர் முழு விலை கொடுத்துக் கடையில் கைபேசி வாங்கி, தனியே சிம் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அதனால் இங்கே பூட்டிய ஸ்மார்ட்போன் அரிது. சென்னையில் இருப்பவற்றில் மிகுதியும் விமானத்தில் வந்தவை. மயிலாப்பூர், அடையாறு, தி. நகர் வீடுகளில் பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்பது சாதாரணம். புது போன் வாங்கியதும் பழையதை ‘அப்பா வைத்துக்கொள்ளட்டும்’ என்று கொடுத்தனுப்புவதும் சாதாரணம். படிப்பு முடிந்தோ வேலை முடிந்தோ திரும்புகிறவர்களும் கையில் இருந்த போனோடுதான் வருகிறார்கள். ஏர்டெல் சிம்மைப் போட்டுப் பார்த்த பிறகுதான் பூட்டு இருப்பதே தெரிகிறது.

உள்ளூரிலேயே பூட்டிய கருவிகள் விற்ற காலங்களும் உண்டு. 1995-ல் சென்னையில் கைபேசிச் சேவை தொடங்கியபோது ஸ்கைசெல், ஆர்பிஜி செல்லுலார் என்ற இரு நிறுவனங்களும் சிம் முறையில் இயங்கின. 2003 ஜூலையில் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்தில் சிடிஎம்ஏ கைபேசிகளைக் கொடுத்தபோது நிலைமை மாறியது. அந்தக் கருவிகளில் சிம்மே கிடையாது. எண் கைபேசிக்குள்ளேயே எழுதப்பட்டிருந்ததால் நிறுவனத்தை மாற்றினால் கருவியையும் மாற்ற வேண்டியதாயிற்று. 2008 ஆகஸ்ட் 22-ல் ஏர்டெல்லும் வோடஃபோனும் ஐபோன் 3ஜியை 31,000 ரூபாய்க்கும் 36,100 ரூபாய்க்கும் விற்றன. இவ்வளவு விலை கொடுத்தும் அது விற்ற நிறுவனத்தோடு பூட்டியே வந்தது. அடுத்து 3ஜி டேட்டா கார்டுகள் வந்தன. ஹுவாவேயின் சிறிய கருவிகள் நிறுவனப் பெயர் தாங்கி, பூட்டோடு விற்கப்பட்டன. 2017-ல் 1,500 ரூபாய் வைப்புத்தொகையில் வந்த ஜியோபோனும், 2023-ல் 999 ரூபாய்க்கு வந்த ஜியோபாரத்தும் ஜியோ சிம்மை மட்டுமே ஏற்பவை. 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் எண்ணை மாற்றாமலேயே நிறுவனத்தை மாற்றும் வசதி கிடைத்தது. எண்ணுக்குக் கிடைத்த இந்தச் சுதந்திரம் பூட்டிய கருவிக்குக் கிடைக்கவில்லை; பூட்டு திறக்கும் தொழிலாளியின் தேவை அதனால் நீடித்தது.

இந்தத் தொழிலின் சென்னைத் தலைவாசல் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. ரேடியோ, டிரான்சிஸ்டர் உதிரி பாகங்களுக்குப் பெயர்பெற்ற இத்தெரு கணினி, கைபேசி என்று காலத்தோடு மாறி, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை வரை பரவியிருக்கிறது. லஸ் முனையிலோ பாண்டி பஜாரிலோ அடையாறு எல்.பி. சாலையிலோ உள்ள சிறிய சர்வீஸ் கடைக்குத் திரை மாற்றவும் பேட்டரி மாற்றவும் தெரியும். பூட்டு என்றால் செட்டை வாங்கி வைத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்கு அனுப்பும். கடைக்காரர்கள் கைபேசியை ‘செட்’ என்றே சொல்கிறார்கள். வெளிநாட்டுப் பூட்டு உள்ளது ‘லாக் செட்’. எந்தச் சிம்மும் ஏற்பது ‘ஃபேக்டரி அன்லாக்’. இந்தக் கட்டுரையில் வருபவை ரிச்சி தெருப் பழுதுபார்ப்பு மேசைகளின் பக்கத்தில் நின்று கண்டவையும் கேட்டவையும்.

மேசை என்பது நான்கடி அகலப் பலகை. அதன் மேல் கணினி, சூடான காற்றை ஊதும் ஹாட் ஏர் கருவி, சால்டரிங் அயர்ன், நுண்ணோக்கி, பச்சை ரப்பர் விரிப்பு, சாமணம், ஃப்ளக்ஸ் டப்பா. இழுப்பறை நிறையப் பழைய கேபிள்கள். தொழிலாளி பெரும்பாலும் இருபதுகளிலோ முப்பதுகளிலோ உள்ள இளைஞர். செட்டை வாங்கியதும் அவர் கணினியைத் தொடுவதில்லை. முதலில் *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணைப் பார்க்கிறார். 15 இலக்கங்கள் கொண்ட அந்த எண்ணின் முதல் எட்டு இலக்கங்கள் மாடலையும், அடுத்த ஆறு அந்தத் தனிக் கருவியையும் குறிக்கும்; கடைசி இலக்கம் எண் சரியாக இருக்கிறதா என்று சோதிப்பதற்கு. ஐபோனாக இருந்தால் அமைப்புகளில் ‘கேரியர் லாக்’ என்ற வரியைத் திறக்கிறார். அதில் ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்றிருந்தால் பூட்டு இல்லை என்று பொருள். பிறகு கேள்விகள்: “இது யார் செட்டும்மா? எந்த ஊர்ல வாங்கினது? தவணை முடிஞ்சுதா? பில் இருக்கா?”

இந்தக் கேள்விகளில்தான் தொழிலின் நுட்பம் இருக்கிறது. வாடிக்கையாளருக்கு எல்லாம் ‘லாக்’தான், தொழிலாளி நான்காகப் பிரிக்கிறார். முதலாவது, நிறுவனம் போட்ட சிம் பூட்டு. இரண்டாவது, உரிமையாளர் மறந்துபோன திரைப் பூட்டு. மூன்றாவது, கணக்குப் பூட்டு: 2013-ல் ஐபோனிலும் 2015-ல் ஆண்ட்ராய்டிலும் வந்த இந்தக் காவல், கருவியை அழித்துப் புதிதாக்கினாலும் முந்தைய உரிமையாளரின் கடவுச்சொல்லைக் கேட்கும். நான்காவது, களவு போனதாகவோ தவணை கட்டப்படாததாகவோ ஐஎம்இஐ தடைப்பட்டியலில் ஏறியிருப்பது. சிம் பூட்டைத் திறந்தாலும் மற்ற மூன்றும் நீங்காது. முதலாவது வணிக ஒப்பந்தம் போட்ட பூட்டு. மூன்றாவதும் நான்காவதும் திருட்டுக்கு எதிரான காவல். இந்த வேறுபாட்டை அறிந்து நடப்பவரே நல்ல தொழிலாளி. அறியாமலோ அறிந்தும் பொருட்படுத்தாமலோ எல்லாவற்றையும் ‘ஓபன்’ பண்ணித் தருவதாகச் சொல்பவரிடம் ஆபத்து இருக்கிறது.

பூட்டைத் திறக்கும் முறைகள் காலந்தோறும் மாறின. பழைய நோக்கியா கருவிகளில் திறப்புக் குறியீடு ஐஎம்இஐயையும் நிறுவன எண்ணையும் சேர்த்துக் கணக்கிடப்பட்டது. அந்தக் கணக்கு வெளியே கசிந்ததும், கணினியில் எண்ணைப் போட்டால் குறியீடு வந்தது. நட்சத்திரப் பொத்தானை இருமுறை அழுத்தினால் கூட்டல் குறி, மும்முறை அழுத்தினால் ‘பி’, நான்கு முறை அழுத்தினால் ‘டபிள்யூ’ என்று அதைத் தட்டச்சு செய்தார்கள். ஐந்து முறை தவறினால் அந்த வழி நிரந்தரமாக அடைபடும். ஹுவாவே டேட்டா கார்டுக்குப் பத்து வாய்ப்புகள். ஆகவே எத்தனை முயற்சிகள் ஏற்கெனவே வீணாயின என்று கேட்பது அன்றே தொழிலின் பாலபாடம்.

கணக்குக்கு அடங்காத மாடல்கள் வந்தபோது ‘பாக்ஸ்’ வந்தது. யூஎஃப்எஸ், ஜாஃப், சைக்ளோன், இசட்3எக்ஸ், ஆக்டோபஸ் என்று பெயர் தாங்கிய இக்கருவிகள் கணினிக்கும் கைபேசிக்கும் நடுவே நின்று, நினைவகத்தைப் படித்து, பூட்டு எழுதியிருக்கும் பகுதியை மாற்றி எழுதின. ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு கேபிள். சில மாடல்களில் உறையைக் கழற்றி, மின்சுற்றுப் பலகையின் மேல் குறிப்பிட்ட புள்ளியைத் தரைமுனையோடு இணைக்க வேண்டும். மின்சாரம் நடுவில் போனாலோ தவறான கோப்பு ஏறினாலோ செட் ‘டெட்’ ஆகிவிடும். அதனால் எழுதுவதற்கு முன் உள்ளிருப்பதை நகலெடுத்து வைப்பது நல்ல மேசையின் வழக்கம்.

ஐபோன் இந்த வித்தையை வேறு திசைக்குத் திருப்பியது. 2007 ஜூன் 29-ல் ஏடி அண்ட் டியோடு மட்டும் பூட்டி வெளிவந்த முதல் ஐபோனை, ஆகஸ்ட் மாதத்திலேயே ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற 17 வயது அமெரிக்க மாணவர் பலகையில் சால்டர் வைத்துத் திறந்து காட்டினார். 2009 தொடக்கத்தில் ஐபோன் 3ஜிக்கு மென்பொருள் வழி கிடைத்தது. ஆப்பிள் அந்த ஓட்டைகளை அடைத்ததும் சிம்மோடு ஒட்டிக்கொள்ளும் மெல்லிய சில்லுகள் வந்தன. கெவி, ஆர்-சிம் ஆகியவை அவற்றுள் பெயர்பெற்றவை. சிம்முக்கும் கருவிக்கும் இடையே அமர்ந்து, கைபேசி எதிர்பார்க்கும் நிறுவனத்தின் எண்ணை அதற்குக் காட்டுவதே இவற்றின் வேலை. பூட்டு அப்படியே இருக்கிறது. கருவி மட்டும் ஏமாறுகிறது. அடுத்த மென்பொருள் புதுப்பிப்பில் சில்லு செயலிழக்கக்கூடும். ‘திறந்தது’ என்று இதை விற்பது நேர்மை இல்லை; நல்ல கடைக்காரர் “சிப் போட்டு ஓடுற செட்டு சார், அப்டேட் பண்ணாதீங்க” என்று சொல்லியே கொடுக்கிறார்.

இன்றைய ஐபோனின் பூட்டுநிலை ஆப்பிளின் சர்வரில் ஐஎம்இஐக்கு நேராகப் பதிவாகியிருக்கிறது. விற்ற நிறுவனம் அந்தப் பதிவை மாற்றச் சொன்னால், கைபேசி இணையத்தில் இணையும்போது தானே திறந்துகொள்ளும். இங்கே சால்டருக்கும் கேபிளுக்கும் வேலையில்லை. இடைத்தரகர்கள் வழியே ‘சர்வர் அன்லாக்’ விற்கும் சந்தை இதனால் வளர்ந்தது. அதன் மறுமுனை எப்படி இருக்கக்கூடும் என்பதை அமெரிக்க வழக்கு ஒன்று காட்டியது. பாகிஸ்தானைச் சேர்ந்த முகமது ஃபஹத் 2012 முதல் ஏடி அண்ட் டி ஊழியர்களுக்குக் கையூட்டுக் கொடுத்தும், நிறுவனக் கணினிகளில் தீய மென்பொருளை நுழைத்தும் சுமார் 19 லட்சம் கைபேசிகளைத் திறக்கச் செய்தார். நிறுவனத்துக்கு 20 கோடி டாலருக்கு மேல் இழப்பு. 2021-ல் அவருக்கு 12 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ‘சர்வர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பது மேசையில் இருக்கும் தொழிலாளிக்கே தெரிவதில்லை. ஆகவே அனுபவமுள்ளவர் வாடிக்கையாளருக்கு நேர்வழியைச் சொல்கிறார்: “உங்க பையன் பேர்ல வாங்கினதுதானே? அவரையே கம்பெனிக்கு எழுதச் சொல்லுங்கம்மா. காசு வேணாம், அவங்களே திறந்து கொடுப்பாங்க.” ஏடி அண்ட் டி கேட்பவை எளிய நிபந்தனைகள்: கருவி 60 நாள்கள் பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும், தவணை முழுதும் தீர்ந்திருக்க வேண்டும், களவுப் புகார் இருக்கக் கூடாது. தனக்கு வரக்கூடிய கூலியை விட்டுக்கொடுத்துச் சொல்லப்படும் இந்த அறிவுரை, தொழிலின் மேல் மதிப்பை வரவழைக்கிறது.

தொழிலாளி தொடக் கூடாத எல்லையும் ஒன்று இருக்கிறது. ஐஎம்இஐ எண்ணே இல்லாத மலிவு விலைச் சீனக் கைபேசிகள் ஒரு காலத்தில் ஏராளமாக வந்தன. 2009 டிசம்பர் 1 முதல் அவற்றின் அழைப்புகளைத் துண்டிக்க அரசு உத்தரவிட்டது. ஐஎம்இஐயை மாற்றி எழுதுவதை 2017-ம் ஆண்டு விதிகள் தண்டனைக்குரியதாக்கின; 2023-ம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் அதற்கு மூன்றாண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. 2023 மே மாதத்தில் நாடு முழுவதற்குமான சஞ்சார் சாத்தி தளம் வந்தபின், தொலைந்த கைபேசியை அதன் உரிமையாளரே எல்லா நிறுவனங்களிலும் முடக்கச் செய்யலாம். பழைய பாக்ஸ்களில் பலவற்றால் ஐஎம்இஐயையும் மாற்ற முடியும். ஒரே கருவி, ஒரே கேபிள். ஒரு பொத்தான் பிழைப்பு, அடுத்த பொத்தான் குற்றம். தெருவில் நிலைத்து நிற்பவர்கள் இரண்டாவதைத் தொடாதவர்கள்.

இந்த அறிவு பெரும்பாலும் பாடப் புத்தகத்தில் வருவதில்லை. குறுகிய காலப் பயிற்சி வகுப்புகள் உண்டு. ஆனாலும் கை பழகுவது மூத்தவரின் பக்கத்தில்தான். கற்க வந்த தம்பிக்கு முதலில் உறை கழற்றும் வேலை. பிறகு பழைய பலகைகளில் சால்டர் பழக்கம். நம்பிக்கை வந்த பின்னரே வாடிக்கையாளரின் செட். ‘அண்ணா’ என்று அழைக்கப்படும் மூத்தவர் திட்டியும் கற்றுக்கொடுக்கிறார், நட்டம் வந்தால் பொறுப்பும் ஏற்கிறார். ஃப்ளக்ஸ் புகையும், நுண்ணோக்கியில் குனிந்த கழுத்தும், கண் எரிச்சலும் தொழிலோடு வருபவை. புகையை வெளியே இழுக்கும் விசிறி எல்லா மேசையிலும் இல்லை, இருக்க வேண்டும். திறப்பு வேலை குறைந்ததால் பலர் பலகைப் பழுதுபார்ப்புக்கும் தரவு மீட்புக்கும் நகர்ந்திருக்கிறார்கள். பாக்ஸ் காலத்தில் கற்ற நினைவகப் பாடம் அங்கே அவர்களுக்குக் கைகொடுக்கிறது.

பூட்டு திறந்ததும் வேலை முடிவதில்லை. ஐபோன் 4-ன் சிடிஎம்ஏ வகையில் சிம் நுழையும் இடமே கிடையாது. அதைத் திறந்து பயனில்லை. ஜியோ 4ஜி வழியாகக் குரல் அழைப்பை அனுப்புவதால், இங்குள்ள அலைவரிசைகளையும் வோல்ட்டி எனப்படும் அம்முறையையும் ஏற்காத வெளிநாட்டுக் கருவியில் அதன் சிம் போட்டால் பேச முடியாது. 2022-ல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் சிம் தட்டு இல்லை. இங்கே அவற்றுக்கு அட்டை இல்லாத ஈசிம் பெற வேண்டும். இடைச் சில்லு வைக்க அவற்றில் இடமே இல்லை. இதையெல்லாம் முன்கூட்டியே சொல்வதும் தொழிலாளியின் கடமையாகிவிட்டது.

பூட்டையே விலக்கும் நாடுகள் பெருகுகின்றன. கனடா 2017 டிசம்பரிலிருந்தும், ஜப்பான் 2021 அக்டோபரிலிருந்தும், பிரிட்டன் 2021 டிசம்பரிலிருந்தும் பூட்டிய கைபேசி விற்பதைத் தடுத்துவிட்டன. அமெரிக்கா 2014 ஆகஸ்ட் 1-ல் வந்த சட்டத்தால் வாடிக்கையாளர் தன் கைபேசியைத் திறந்துகொள்ளும் உரிமையை மீட்டுத் தந்தது. பூட்டி விற்பதைத் தடுக்கவில்லை. ஆகவே சென்னைக்கு லாக் செட் வருவது இன்னும் சில காலம் தொடரும். அனுப்புகிறவர் மூன்று காரியங்களை அங்கேயே முடித்துவிட்டால் போதும்: தவணையைத் தீர்ப்பது, நிறுவனத்திடம் சொல்லிப் பூட்டைத் திறப்பது, தன் கணக்கிலிருந்து வெளியேறிக் கருவியை அழித்துப் புதிதாக்குவது. இவை முடியாமல் வந்துவிட்ட செட்டை, எல்லாவற்றையும் திறப்பதாகச் சொல்பவரிடம் கொடுப்பதைவிட, பில்லைக் கேட்டு, எந்தப் பூட்டு என்று பிரித்துச் சொல்லி, முடியாததை முடியாது என்பவரிடம் கொடுப்பது நல்லது. அந்த மறுப்புக்குப் பின்னால் பல ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. அதற்குச் சோதனைக் கூலி கேட்டால் மனமுவந்து கொடுக்கலாம்.