தீ அடங்கட்டும்

14 ஜனவரி 2025, செவ்வாய்

தறிகள் நின்றுவிட்டன. பள்ளிபாளையத்தில் பிறந்தவனுக்குப் பொங்கல் வந்துவிட்டது என்று சொல்ல அந்த அமைதி போதும். சாயங்காலம் நண்பனிடமிருந்து போன் வந்தது. "மாப்ள, வியாழக்கிழமை தோட்டத்துக்கு வந்திரு. கோழி சொல்லியாச்சு. அடுப்பு உன் பொறுப்பு."

கடைசி வார்த்தை குத்தல். பள்ளியில் ஒன்றாகப் படித்த எட்டுப் பேர், காணும் பொங்கலன்று கிணற்றடியில் நாங்களே சமைத்துச் சாப்பிடுவது வழக்கம். போன வருடம் கறியைக் கெடுத்தவன் நான். தென்னை மட்டை கொழுந்துவிட்டு எரியும்போதே கம்பி வலையில் துண்டுகளைப் பரப்பினேன். கொழுப்பு சொட்டச் சொட்டத் தீ மேலே எழும்பியது. பத்து நிமிடத்தில் வெளியே கரி; கடித்தால் எலும்போரம் ரத்தம்.

15 ஜனவரி, புதன்

மாட்டுப் பொங்கல். திருவள்ளுவர் நாளும் இதுதான். புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியவர் நாளில் மதுக்கடையும் கறிக்கடையும் மூடிக் கிடந்தன. சரி, விறகையாவது சேர்த்து வைப்போம் என்று தோட்டத்துக்குப் போனேன்.

நண்பனின் அப்பாரு மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். நான் மட்டை பொறுக்குவதைப் பார்த்துவிட்டு, "அது பத்த வைக்கத்தான் ஆகும் கண்ணு. எரியும், நிக்காது. கறிக்குப் புளிய வெறகு போடு" என்றார். ஒரு வருடமாக எனக்குத் தெரியாத விஷயம் இவ்வளவுதான்.

16 ஜனவரி, வியாழன்

ஒன்பது மணிக்கே அடுப்பு மூட்டிவிட்டேன். மூன்று கல் வைத்த அடுப்பில் வடச்சட்டி. பக்கத்தில் செங்கல் அடுக்கி, மேலே கம்பி வலை.

வடச்சட்டியில் எங்கள் ஊர்ச் சிக்கன். மசாலாப் பொடி எதுவும் கிடையாது. நாட்டுக்கோழி மூன்று கிலோ. கிலோவுக்குக் கால் கிலோ சின்ன வெங்காயம், விதை உதிர்த்த வரமிளகாய் இருபத்தைந்து. கடலெண்ணெயில் வெங்காயம், மிளகாய், கறிவேப்பிலை வதங்கியதும் மஞ்சள், உப்போடு கறியைப் போட்டுக் கிளறினோம். கறி விட்ட தண்ணீரிலேயே பாதி வெந்தது. அதன்பின் அவ்வப்போது ஒரு கை தண்ணீர் தெளித்தால் போதும். முக்கால் மணி நேரம் கழித்துத் தேங்காய்ப் பல்லு போட்டோம். எண்ணெய் பிரிந்து, மிளகாய் கருஞ்சிவப்பாகச் சுருண்டு, தேங்காயின் ஓரம் பொன்னிறமானதும் விறகை இழுத்துவிட்டேன்.

வலைக்கு அவசரம் ஆகாது. புளிய விறகு முழுக்க எரிந்து, சுடர் போய், தணல்மேல் வெள்ளைச் சாம்பல் பூக்க ஒரு மணி நேரம் ஆனது. "இன்னுமா?" என்று நாலு தடவை கேட்டார்கள். "தீ அடங்கட்டும்" என்றேன். பிறகு தணலை ஒரு பக்கம் குவித்து, மறுபக்கம் மெல்லப் பரப்பினேன். கால் துண்டுகள் முதலில் மெல்லிய தணலில். உள்ளே வெந்த பிறகுதான் குவியலுக்கு மேல் தள்ளித் தோலை முறுகவிட்டேன்.

இடையில் எங்களில் லாரி ஓட்டுகிறவன், துண்டுகளைக் குத்திச் சுடுவதற்கு வேலியோரக் குச்சி நாலு ஒடித்து வந்தான். பார்த்தால் அரளி! பிடுங்கித் தூர எறிந்தேன். அரளி இலை, குச்சி, பால் எல்லாமே விஷம். அதை அடுப்பில் போட்டால் புகையும் ஆகாது. தெரியாத மரத்துக் குச்சியைக் கறியில் குத்தவே கூடாது.

எல்லோரும் இலை போட்டு உட்கார்ந்தார்கள். அடுப்பைப் பார்ப்பவன் கடைசியில்தான் சாப்பிட வேண்டும். எனக்கு மிஞ்சியது ஒரு கழுத்தெலும்பும் சட்டி வழித்த சோறும். இந்த வருடம் யாரும் குறை சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

17 ஜனவரி, வெள்ளி

வடச்சட்டியை எடுக்கக் காலையில் தோட்டத்துக்குப் போனேன். நேற்றுக் கிளம்பும்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வந்தோம். சாம்பலின் மேல்பக்கம் ஈரம் காய்ந்து ஓடாக இறுகியிருந்தது. குச்சியால் கிளறினேன். உள்ளே சிவப்பாகக் கண் விழித்தது ஒரு தணல். இருபது அடி தள்ளி வைக்கோல் போர். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

தீ அடங்கக் காத்திருந்து சமைத்தவன், கடைசியில் அது அடங்கியதா என்று பார்க்காமல் போயிருக்கிறேன். வெளியில் அடுப்பு மூட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: தண்ணீர் ஊற்றிக் கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு இல்லையென்றால் வண்டியை எடுங்கள்.