பெரியம்மாவின் பிரேக் ஷூ

பெண்களும் வாகனங்களும் என்று பேச்செடுத்தால் நாம் உடனே புதுக்கோட்டைக்குப் போய்விடுவோம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்ட வரலாறு அது. 2018இல் வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்க 25,000 ரூபாய் வரை மானியம் தரும் திட்டம் தமிழகத்தில் வந்தது. ஓட்டக் கற்றதையும் வாங்கியதையும் எழுதி வைத்திருக்கிறோம். வண்டி பழசான பிறகு நடப்பதை எழுதவில்லை. பழுது என்று வந்தவுடன் பெரும்பாலான வீடுகளில் சாவி ஆண் கைக்குப் போய்விடுகிறது.

என் பெரியம்மா தஞ்சாவூரில் செவிலியராக இருந்தார். 1993இல் ஒரு கைனடிக் ஹோண்டா வாங்கினார். உதைத்துக் கிளப்ப வேண்டாம், கியர் மாற்ற வேண்டாம். பட்டனை அழுத்தினால் போதும். இரண்டு பிரேக்கும் கைப்பிடியிலேயே. இரவுப் பணி முடிந்து, கூட்டிப்போக யார் வருவார்கள் என்று வாசலில் நின்ற காலம் அதோடு முடிந்தது. ஹோண்டாவுடனான கூட்டு 1998இல் முடிந்தது. 2008இல் கைனடிக்கின் இருசக்கர வாகனத் தொழிலே மஹிந்திராவிடம் போய்விட்டது. பெரியம்மாவின் வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு முட்டி ஒத்துழைக்காதபோது என்னிடம் வந்தது.

பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஆய்வாளர் பிரேக்கைப் பார்ப்பார். பின்பிரேக் சுத்தமாகப் பிடிக்கவில்லை. “எடைக்குப் போட்டுட்டு புதுசா ஒண்ணு வாங்கிக்குங்க மேடம், இதுக்கு சாமான் கிடைக்காது” என்றார் மெக்கானிக். உதிரிபாகக் கடைகளில் “சாரை அனுப்புங்க, அவர்கிட்ட சொல்றேன்” என்றார்கள். வீட்டில் சார் என்று யாரும் இல்லை என்பதைக் கடை கடையாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

மெக்கானிக்கைச் சக்கரத்தைக் கழற்றச் சொல்லி, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். உள்ளே இருப்பது எளிமையானது. பிறை வடிவில் இரண்டு ஷூ. அவற்றின் ஒரு முனை ஊசியில் உட்கார்ந்திருக்கும். மறுமுனைகளுக்கு நடுவே ஒரு கேம். கேபிளை இழுத்தால் கேம் திரும்பி ஷூக்களை விரிக்கும். மேலே ஒட்டியிருக்கும் லைனிங் டிரம்மின் உள்சுவரில் உரசும். கையை விட்டால் ஸ்பிரிங் இழுத்துக்கொள்ளும். எங்கள் வண்டியில் லைனிங் காகிதம்போல் தேய்ந்திருந்தது. கம்பிரஸர் காற்றால் தூசியை ஊதப் போன பையனைத் தடுத்து, ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் பல ஆண்டு கழித்து நோயாக வரும்.

“பிரேக் பிடிக்கலை” என்பது முறையீடு. “பின்பக்க ஷூ வேணும், கேம் பக்கம் இந்த அகலம், ஊசிப் பள்ளம் இந்த அளவு” என்பது கேள்வி. முறையீட்டுக்கு ஆறுதல் கிடைக்கும். கேள்விக்குத்தான் பதில் கிடைக்கும். முனைவர் பட்டம் வரை தமிழ் படித்தவளுக்கு இந்தச் சொற்களை எந்த வகுப்பறையும் தரவில்லை. பெண்களுக்கு இயந்திரம் வராது என்கிறார்கள். அதன் பெயர்கள் நம் காதில் விழாமல் பார்த்துக்கொண்ட பிறகு சொல்கிற பேச்சு அது.

பழைய ஷூக்களைப் பையில் போட்டுக்கொண்டு சென்னை புதுப்பேட்டைக்குப் போனேன். “இதேதான்மா, கண்ணை மூடிட்டு மாட்டலாம்” என்று ஒரு ஜோடியைக் கொடுத்தார்கள். பழையதன் மேல் வைத்துப் பார்த்தேன். வளைவு ஒத்துப்போனது, ஊசிப் பள்ளம் பொருந்தவில்லை. பிரேக்கில் கிட்டத்தட்டப் பொருந்துவது என்று ஒன்று கிடையாது. கடைக்காரரே வெர்னியர் வைத்து அளந்துவிட்டு, “இது வேறம்மா. உங்க ஷூ நல்லாத்தான் இருக்கு, லைனிங் மட்டும் ஒட்டிக்கிடுங்க” என்று ஒரு பட்டறைக்கு வழி சொன்னார்.

அங்கே பலகையில் ஓர் ஆணின் பெயர். உள்ளே வேலை செய்துகொண்டிருந்தது ஐம்பது வயதுப் பெண். பழைய லைனிங்கைச் சுரண்டி, அலுமினியத்தில் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, சொரசொரப்பாக்கி, பசை தடவி, கிளாம்ப் போட்டு இறுக்கி, அடுப்பில் வேகவைத்து எடுத்தார். “எண்ணெய் ஒரு சொட்டு இருந்தாலும் பிச்சுக்கிட்டு வந்துடும் டீச்சர்.” எத்தனை வருடமாகச் செய்கிறீர்கள் என்றேன். “கல்யாணமானதிலேருந்து. நான் என்ன செய்றேன், அவருக்கு ஒத்தாசைதான்.” சுரண்டும்போது முந்தானையை மூக்கோடு கட்டியிருந்தார். கல்நார் தூசிக்கு முந்தானை காவல் இல்லை என்றேன். “இத்தனை வருசத்துல யாரும் சொல்லலையே” என்றார். கல்நார் இல்லாத லைனிங்கே எனக்குப் போதும் என்றபோது, “அப்படிக் கேட்டு வாங்குறவங்க கம்மி” என்றார்.

டிரம்மின் அளவுக்கு ஏற்ப ஷூவைச் சாணை பிடித்தது அவர் கணவர். ரசீதில் கையெழுத்தும் அவருடையதே. “முதல்ல கொஞ்ச நாள் மெதுவா ஓட்டி, மெதுவாப் பிடிங்க, லைனிங் டிரம்மோட பழகணும்” என்று வாசல்வரை வந்து சொன்னது அந்தப் பெண்.

பதிவு புதுப்பிக்கப்பட்டது. டிரம்மின் விட்டம், ஷூவின் அகலம், ஊசியின் அளவு மூன்றையும் தமிழில் எழுதி, பட்டறையின் முகவரியோடு சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். முகவரிக்கு மேலே பலகையில் இல்லாத அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். அடுத்து இந்த வண்டியை எடுத்துக்கொள்ளப் போகிறவள் அவர் பெயரைச் சொல்லிக் கேட்கட்டும்.